குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு தொடங்குவது எப்படி: பாலக்காட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"வா, களிக்காம்" என்று அங்கன்வாடி டீச்சர் கூப்பிட்டதும் அந்த மூன்றரை வயதுப் பையன் எழுந்து போய், மூலையில் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தான். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. அவனுக்குத் தெரிந்த களி அவன் அம்மாயி (அம்மாவின் அம்மா) கிண்டும் ராகிக் களி. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய் வட்டத்தில் நின்ற பிறகும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், அப்புறம் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். டீச்சர் நல்ல மனுஷி, "கரையண்டா, கரையண்டா" என்று வாரி எடுத்துக்கொண்டார். அழாதே என்று அர்த்தம். அதுவும் அவனுக்குப் புரியவில்லை.

பாலக்காடு நகரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இதைப் பார்த்தேன். (பட்டியல் இன மக்கள் வாழும் இடங்களைக் 'காலனி' என்று அழைக்க வேண்டாம் என்று கேரள அரசு 2024-ல் உத்தரவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் தலை குனிவதைப் பார்த்தவள் நான், அதனால் இங்கேயும் குடியிருப்பு என்றே எழுதுகிறேன்.) பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தும் வீட்டில் தமிழே பேசுகிறவர்கள், சந்தையில் சுமை தூக்குகிறவர்கள், பழைய இரும்பு எடுக்கிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற பெண்கள் எனக் கலந்து கிடக்கிற இடம். அங்கே ஒரு அறையில் நானும் இன்னொரு அக்காவும் 16 பிள்ளைகளை வைத்துக்கொள்கிறோம். எல்லோரும் 3 முதல் 6 வயதுக்குள். அதே மாதிரி உங்கள் ஊரில் செய்ய நினைக்கிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளிடம் என்ன இல்லை என்று பட்டியல் போடத்தான் எல்லோருக்கும் உடனே வருகிறது. நீங்கள் அவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது இது ஒன்றுதான்.

முதல் படி: ஒரு வாரம் தெருவில் நில்லுங்கள்

அறை தேடாதீர்கள், நோட்டீஸ் அடிக்காதீர்கள். ஒரு வாரம் விடிகாலை ஐந்தரைக்குக் குழாயடியில் போய் நில்லுங்கள். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், சின்னதை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் காலை பத்து முதல் ஒரு மணி வரை என்று நேரம் வைத்தோம். பிள்ளைகள் வரவில்லை. அம்மா ஏழரைக்கே வேலைக்குப் போய்விடுகிறாள், பத்து மணிக்குக் குளிப்பாட்டித் தலைசீவிக் கூட்டிவர வீட்டில் யார் இருக்கிறார்கள்? போதாக்குறைக்கு அது அங்கன்வாடி நடக்கும் நேரம். இப்போது ஏழேகாலுக்குக் கதவைத் திறக்கிறோம், ஒன்பதரைக்குக் கைகோத்து எல்லோரும் அங்கன்வாடிக்கு நடக்கிறோம், மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை மறுபடி எங்களிடம். அம்மாவின் வேலை நேரந்தான் உங்கள் கடிகாரம்.

சின்னதைப் பார்த்துக்கொள்கிறவள் பல வீடுகளில் எட்டு, ஒன்பது வயது அக்கா. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்று 2009-ல் சட்டம் வந்தது, ஆனால் இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டிருப்பவள் எப்படிப் பள்ளிக்குப் போவாள்? தம்பிக்கு இடம் கிடைத்தால் அக்காவுக்கும் பள்ளி திரும்பக் கிடைக்கும். எங்கள் தெருவில் அப்படித் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள், இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

வீடு வீடாகப் போகும்போது ஒரு நோட்டில் பெயர், வயது, வீட்டில் என்ன பேச்சு, தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் கேள்வியாக "இவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். இங்கே நோட்டோடு வருகிறவர்கள் வருமானமும் ரேஷன் கார்டும்தான் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரயில் போனா பெட்டியை எண்ணுவானுங்க, எத்தனைனு தெரியாது, ஆனா விடாம எண்ணுவான்" என்றார். அந்தப் பையனுக்கு எண்ணும் பாடம் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது: அங்கன்வாடிக்குப் போட்டியாக நிற்காதீர்கள்

1975 அக்டோபர் 2-ல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வாசல்தான் அங்கன்வாடி. துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சத்துணவு பற்றிச் சொல்லித் தருதல் என்று ஆறும் அங்கே உண்டு. உங்கள் அறையால் இதில் பாதியைக்கூடக் கொடுக்க முடியாது. இந்தியில் அங்கன் என்றால் முற்றம். தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் பழங்குடிக் குழந்தைகளுக்காகப் பாலவாடி ஆரம்பித்தார். குழந்தைகள் வராவிட்டால் நாம் அவர்கள் முற்றத்துக்குப் போவோம் என்பதுதான் அவர் வழி. அங்கன்வாடி என்ற பெயருக்குள்ளேயே செய்ய வேண்டிய முறை இருக்கிறது.

அதனால் அங்கன்வாடி டீச்சரைத்தான் முதலில் பாருங்கள். நீங்கள் கண்டுபிடித்த பிள்ளைகளின் பட்டியலை அவர் கையில் கொடுத்து, பெயர் விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஒரு அங்கன்வாடியில் பதிந்துவிட்டு இங்கே வந்தவர்களை, அங்கன்வாடிகள் பதிவு வைக்கும் போஷன் டிராக்கர் செயலியில் இடம் மாற்றிக்கொள்ளலாம், கேளுங்கள். நாங்கள் போய்ப் பேசியபோது டீச்சர் சொன்ன முதல் வார்த்தை, "தமிழ் குட்டிகள் பறயுந்நது எனக்கு மனசிலாகுந்நில்லா." பிள்ளைகள் சொல்வது அவருக்குப் புரியவில்லையாம். அவருக்கும் உதவி தேவைப்பட்டது. வாரம் இரண்டு நாள் எங்களில் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

மூன்றாவது: அறை

சின்னப் பிள்ளைகளின் பராமரிப்பு, கல்விக்காக 2013-ல் வந்த தேசியக் கொள்கையோடு சேர்ந்த தர அளவில் 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 375 சதுர அடி அறை வேண்டும் என்று இருக்கிறது. 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர். எங்கள் 200 சதுர அடிக்கு 16 பேர் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. ஆள் விஷயத்தில் மட்டும் அந்த அளவோடு நிற்காதீர்கள். காலையில் பாதித் தூக்கத்தில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளுக்கு 8 பேருக்கு ஒருவர் இல்லாமல் முடியாது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

அறையைப் பார்க்கும்போது முட்டி போட்டுச் சுற்றி வாருங்கள். நின்று பார்த்தால் தெரியாத ஆணி, பிளக், உடைந்த ஓடு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கழிவறை எத்தனை அடி தூரம், தாழ்ப்பாள் உள்ளே இருந்து மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா, தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா (ஒரு வாளித் தண்ணீரிலேயே சின்னப் பிள்ளை மூழ்கிவிடும்), ரயில் பாதைப் பக்கம் வேலி இருக்கிறதா. வாசல் கதவுக்குப் பெரியவர் உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். ஒன்பதரைக்கு நடக்கும்போது ஒரு நீளக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வைத்தால் யாரும் சாலைக்கு ஓடமாட்டார்கள்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே வழிவிட்டு நிற்பதால் மார்கழி, தை மாதங்களில் கணவாய்க் காற்று அறைக்குள் புகுந்து காகிதம், பஞ்சு, கோலப்பொடி எதையும் விட்டுவைக்காது. ஆளுக்கு ஒரு கூழாங்கல் கொடுத்துவிட்டோம், தாள் மேல் வைத்துக்கொள்ள. பங்குனி, சித்திரையில் 40 டிகிரி தொடும்போது தகரக் கூரைக்குக் கீழே மாலையில் இருக்கவே முடியாது, அந்த இரண்டு மாதமும் மாலை நேரத்தைப் பக்கத்துப் புங்க மரத்தடிக்கு மாற்றிவிடுவோம்.

நான்காவது: பொருள்கள்

மாண்டிசோரி என்றதும் இன்று கட்டணம் கட்டிச் சேர்க்கிற, மரச்சாமான் பளபளக்கிற பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6-ல் தன் முதல் 'குழந்தைகள் வீட்டை'த் திறந்தது ரோம் நகரில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போன பிறகு தனியாகத் திரிந்த பிள்ளைகளுக்காக. 1939-ல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். நம் ஊர் ஏழைப் பிள்ளைக்கும் அந்த முறைக்கும் உள்ள உறவை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அது முதலிலிருந்தே அவர்களுடையது.

அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது சாமான்களை அல்ல, மூன்று பழக்கங்களை. பொருள் எல்லாம் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், எடுப்பது அவர்கள் விருப்பம், எடுத்த இடத்தில் வைப்பது அவர்கள் பொறுப்பு. அலமாரி வாங்க வேண்டாம், பழக்கடைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் போதும். அதில் வைக்க: புளியங்கொட்டை, சோழி, கொட்டாங்கச்சி, பாட்டில் மூடிகள், பழைய சேலைத் துண்டுகள், இரண்டு டம்ளரும் ஒரு சொம்பும் (தண்ணீர் ஊற்றி விளையாட), பிசைய ராகி மாவு, முறமும் கொஞ்சம் அரிசியும். சேலைத் துண்டு ஒரு நாள் வீடாகும், ஒரு நாள் ஆறாகும், ஒரு நாள் தொட்டிலாகும். கடையில் வாங்கிய பொம்மை எப்போதும் பொம்மைதான்.

நுங்குக் காலத்தில் பிள்ளைகளே வண்டி செய்வார்கள், பாலக்காட்டில் பனைக்கா பஞ்சம்? இரண்டு நுங்குக் கூந்தலை (நுங்கு எடுத்த பிறகு மிஞ்சும் காய்) குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவது. ஒரு பையனின் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது. நான் சரி செய்துகொடுக்கப் போனேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் உட்கார்ந்து இரண்டு கூந்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், ஒன்று பெரிசு. இன்னொரு பெரிசைத் தேடிக் கொண்டுவந்து மாட்டினான், வண்டி நேராக ஓடியது. அரை மணி நேரம் ஆயிற்று. பெரிது, சிறிது, சமம் என்று நான் படம் வரைந்து ஒரு வாரம் சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது. சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே கற்றுக்கொள்ளக் கடினமானது.

ஒரு எச்சரிக்கை. கூட வருகிற தம்பி தங்கைகள் எதையும் வாயில் போடும். 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டக் கூடாது. புளியங்கொட்டையும் சோழியும் உயர்ந்த பெட்டியில்தான், பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டும். யாராவது பழைய மின்னணுப் பொம்மை கொண்டுவந்து கொடுத்தால் பொத்தான் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஐந்தாவது: மொழி

தட்டைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பையனுக்கு வருகிறேன். வீட்டில் அவன் விடாமல் பேசுகிறவன் என்று அம்மா சொன்னார். அங்கன்வாடியில் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. பள்ளிக்குள் நுழைந்ததும் தன் மூன்றரை வருஷப் பேச்சு முழுவதும் செல்லாக் காசாகிவிட்டால் நீங்களும் நானும்கூட வாயை மூடிக்கொண்டுதான் இருப்போம். எல்லையோரத்தில் இது சின்ன விஷயமாகப் பேசப்படுகிறது, தமிழும் மலையாளமும் அக்கா தங்கைதானே, தானாக வந்துவிடும் என்று. வரும். ஆனால் அதற்குள் பிள்ளை தன்னை மந்தமென்று நம்பிவிடக் கூடாது.

எல்லையில் எந்த மொழிக்கும் இது பொருந்தும். ஆந்திரத்தின் சித்தூர், நகரி பக்கம் தெலுங்கு அங்கன்வாடிக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைக்கும், கோவையில் தமிழ் அங்கன்வாடிக்குப் போகிற இந்திக்காரப் பிள்ளைக்கும் இதே கதைதான். நாங்கள் செய்வது இதுதான்.

முதலில் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருக்கும் சொற்களைச் சேர்த்தோம். கை, கண், மூக்கு, பால், பூ, மரம், வீடு, சோறு, உப்பு, ஆன/ஆனை, மழ/மழை. முதல் மாதம் வட்டத்தில் பாட்டு, விளையாட்டு எல்லாம் இந்தச் சொற்களை வைத்தே. "மூக்கைத் தொடு" என்றால் எல்லோரும் தொடுவார்கள், மலையாளம் பேசும் பிள்ளையும்தான். யாரும் தோற்பதில்லை.

அப்புறம் ஏமாற்றும் சொற்கள். களி ஒன்று. வெள்ளம் இன்னொன்று, மலையாளத்தில் அது குடிக்கிற தண்ணீர், நம் பிள்ளைக்கு அது வீட்டுக்குள் வந்த மழைத்தண்ணீர். பட்டி என்றால் அங்கே நாய், இங்கே ஆடு அடைக்கிற இடம். இந்தச் சொற்களையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி டீச்சரிடமே கொடுத்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார். அடுத்த நாளிலிருந்து "வா, களிக்காம், விளையாடலாம்" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பையன் தட்டை எடுக்கவில்லை.

கதையை முதலில் தமிழில் சொல்லுங்கள், அதே கதையை மூன்றாம் நாள் மலையாளத்தில், அதே குரலில், அதே கைச்சாடையில். என்ன நடக்கப் போகிறது என்று பிள்ளைக்கு முன்பே தெரியும், ஆகவே புதுச் சொற்கள் தாமாகப் போய் உட்காரும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கலக்காதீர்கள், ஆனால் பிள்ளை கலந்து பேசினால் திருத்தாதீர்கள். "டீச்சரே, எனக்கு வெள்ளம் வேணும்" என்று சொல்கிற பிள்ளை தப்பு செய்யவில்லை, இரண்டு மொழிக்கு நடுவில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது. யாரையும் சிரிக்க விடாதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ பிரிவு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தளக் கட்டமாக எடுத்துக்கொண்டு வீட்டு மொழியை வலியுறுத்துகிறது. யாராவது "கேரளத்தில் இருந்துகொண்டு தமிழா" என்று கேட்டால் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்கள்.

ஆறாவது: ஒரு காலை எப்படிப் போக வேண்டும்

ஏழேகாலுக்கு வரும் பிள்ளையை வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குனிந்து, கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை. கை கழுவியதும் ராகிக் கூழோ அவலோ, பலர் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். எட்டு மணிக்கு வட்டம், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் முக்கால் மணி நேரம் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுக்கும் வேலை. பிறகு வெளியே ஓட்டம், கதை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கன்வாடி. மாலையில் தூங்குகிறவர்கள் தூங்கட்டும்.

தேர்ந்தெடுக்கும் நேரத்துக்கு ஒரு சின்ன முறை இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி ஊரில் 1962 முதல் 1967 வரை ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, பெரி பாலர் பள்ளி ஆய்வு என்று பெயர். அவர்களில் 58 பேருக்குப் பாலர் பள்ளி கிடைத்தது, மற்ற 65 பேருக்கு இல்லை. திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்பது அங்கே அன்றாட வழக்கம். ஆசிரியர்கள் வாரா வாரம் வீட்டுக்கும் போய் அம்மாவோடு உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் 40 வயதை எட்டும் வரை தொடர்ந்து பார்த்தபோது, பாலர் பள்ளிக்குப் போனவர்கள் பள்ளிப்படிப்பை முடித்ததும் வேலையில் இருந்ததும் சம்பாதித்ததும் அதிகம் என்று தெரிந்தது.

எங்கள் அறையில் அது இப்படி. "இன்னைக்கு என்ன பண்ணப் போறே?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறோம். பேசாதவர்கள் கையைக் காட்டட்டும். அப்புறம் செய்ய விடுகிறோம். கடைசியில் "என்ன பண்ணினே, காட்டு." அவ்வளவுதான். ஆனால் "சூப்பர்", "வெரி குட்" என்று எல்லாவற்றுக்கும் சொல்லாதீர்கள். "நீ மூணு மூடியை அடுக்கி அது மேல சிரட்டையை வெச்சிருக்கே" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். பிள்ளையின் முதுகு நிமிரும்.

ஏழாவது: எழுத்து எப்போது?

"எழுத சொல்லிக் குடுக்கறதில்லீங்களா?" இந்தக் கேள்வி இரண்டாவது வாரமே வரும். கேட்பவர்களைத் தப்பாக நினைக்காதீர்கள். தாங்கள் படிக்காத பெற்றோருக்கு நோட்டில் நிறைந்த எழுத்துதான் கண்ணால் பார்க்கிற ஒரே சாட்சி. எதிர்வரிசைத் தனியார் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறதென்றால் அவர்களுக்குப் பயம் வராதா?

அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்தே சொல்லிக் காட்டுங்கள். விஜயதசமியன்று பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைப்பது எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். முதல் எழுத்து பென்சிலில் இல்லை, விரலில்தான். அதையே நாங்கள் தினமும் முறத்தில் அரிசி பரப்பிச் செய்கிறோம். கோலம் இன்னொன்று. ஒரு சின்னப் பெண், வீட்டு வாசலில் தினமும் அம்மாயி புள்ளி வைப்பதைப் பார்த்தவள், மூன்று புள்ளி வரிசையை வைத்துவிட்டு நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள். கோட்டை இழுத்துக்கொண்டு போனவள் அந்த இடம் வந்ததும் நின்றாள், விரலால் தரையைத் தொட்டாள், "இங்க ஒண்ணு காணோம்" என்றாள். எண்ணிக்கை, வரிசை, கோடு, வளைவு, விரலுக்குப் பலம் எல்லாம் அந்தக் கோலத்துக்குள் இருந்தன. அவள் அம்மாயியை அழைத்து மற்ற அம்மாக்கள் முன்னால் அந்தக் கோலத்தைக் காட்டச் சொன்னோம். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து நோட்டுக் கேள்வி வரவில்லை.

ஐந்து வயதுக்கு மேல் தன் பெயரை எழுத ஆசைப்படும் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள், எந்த எழுத்தில் வேண்டுமென்று அதுவே சொல்லட்டும். வீட்டுப்பாடம் மட்டும் வேண்டாம், பத்துக்குப் பத்து வீட்டில் நாலு பேர் படுக்கும் இடத்தில் யார் விளக்கைப் போட்டு எழுத வைப்பார்கள்?

எட்டாவது: உடம்பு

சத்துக்குறைவைக் கண்டுபிடிக்கக் கைச்சுற்றளவு நாடா ஒன்று வைத்திருங்கள். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையின் இடது மேல்கை நடுவில் 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த வாரமே அங்கன்வாடி, சுகாதார நிலையம். 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே. தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், 5 வயதில் போட வேண்டிய ஊக்க ஊசி (பூஸ்டர்) ஊர் மாறும் குடும்பங்களில் அடிக்கடி விட்டுப்போகிறது. குடற்புழு மாத்திரை, வைட்டமின் ஏ சொட்டு மருந்து (இது ஐந்து வயது வரை) ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

கேரளத்தில் 2022-ல் 'போஷக பால்யம்' திட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் வந்தன. 2025-ல் ஒரு குட்டிப் பையன் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணி வேண்டும் என்று கேட்ட காணொளி ஊரெல்லாம் சுற்றியது, அரசு அந்த ஆண்டே உணவுப் பட்டியலை மாற்றி முட்டை பிரியாணியைச் சேர்த்தது. பிள்ளை சொன்னதைக் கேட்டு ஒரு மாநிலமே மெனுவை மாற்றியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் தவறவிட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பையன் ஒருவன் இருந்தான். மொழி புரியவில்லை, கூச்சம் என்று நாலு மாதம் நினைத்திருந்தோம். ஒரு நாள் தலை வாரும்போது காதிலிருந்து சீழ் வடிவதை அக்கா பார்த்தார். மருத்துவம் பார்த்த பிறகு இரண்டே வாரத்தில் அவன் பாட்டுக்குத் தலையாட்ட ஆரம்பித்தான். அதனால் பேசாத பிள்ளையைப் பற்றி எந்த முடிவுக்கும் வரும் முன் காதையும் கண்ணையும் பாருங்கள். பிள்ளைகளின் உடல்நலம் பார்க்கும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும், அந்த நாளை முன்பே கேட்டு வைத்து எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

ஒன்பதாவது: அழுகை, கடி, அடி

அடிக்கக் கூடாது. கிள்ளக் கூடாது. "போலீஸ் பிடிச்சுட்டுப் போவான்" என்று சொல்லக் கூடாது, எங்கள் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு உண்மையிலேயே போலீஸ் வந்திருக்கிறது. கடிக்கிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். பல்லைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள். எங்களிடம் கடித்த பெண் குழந்தை திங்கட்கிழமை மட்டுந்தான் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் குடியும் சண்டையும். திங்கள் காலை மட்டும் அவளை வட்டத்தில் உட்கார வைக்காமல் ராகி மாவைப் பிசைய விட்டோம், பக்கத்தில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்போம். மெல்ல நின்றது.

வீட்டில் நடந்ததைப் பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஆனால் உடம்பில் காயமோ பாலியல் துன்பத்தின் அடையாளமோ தெரிந்தால் யோசிக்க நேரமில்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். உதவி செய்ய வருகிறவர்கள் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அரிசி மூட்டை திரும்பிப் போனாலும் பரவாயில்லை.

பத்தாவது: பள்ளிக்கும் வேறு ஊருக்கும்

ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மார்ச்சிலேயே பிள்ளையையும் அம்மாவையும் அந்தப் பள்ளிக்கு ஒரு முறை கூட்டிப் போய், கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டிவிட்டு வாருங்கள். தமிழ் வழியா மலையாளமா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பாலக்காடு, சிற்றூர் பக்கம் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு, கேரள அரசே தமிழில் பாடநூல் போடுகிறது. இரண்டு வருஷத்தில் பொள்ளாச்சிக்கே திரும்பப் போகும் குடும்பத்துக்கும், இங்கேயே வீடு கட்டப் போகும் குடும்பத்துக்கும் ஒரே பதில் பொருந்தாது. இரண்டின் பலனையும் பொறுமையாகச் சொல்லுங்கள், முடிவு அவர்களுடையது.

பாதிப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு வரை நம்மோடு இருக்க மாட்டார்கள். கட்டட வேலை முடிந்தால் மேஸ்திரி கூப்பிடும் ஊருக்குக் குடும்பமே கிளம்பும், பெரும்பாலும் ஒரு நாள் முன்னால்தான் நமக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை தைத்துச் சுவரில் மாட்டி வையுங்கள். உள்ளே தடுப்பூசி அட்டையின் நகல், எடை உயரம் குறித்த தாள், வாரம் ஒரு வரியாக நீங்கள் எழுதிய நோட்டு, பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், எந்தப் பாட்டுக்குத் தூங்கும் என்று இரண்டு மொழியிலும் எழுதிய ஒரு பக்கம். போகிற ஊரின் பெயர் தெரிந்தால் அங்கே உள்ள அங்கன்வாடியை விசாரித்து எண்ணையும் அதில் எழுதிவிடுங்கள்.

ரயில் பெட்டி எண்ணுகிற பையன் போன மாதம் திருப்பூருக்குப் போனான். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்து, காற்றுக்குத் தாள் மேல் வைக்கிற தன் கூழாங்கல்லையும் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டான்.